எந்தக் கிளையைச் சேர்ந்தது இந்தப் பல்?



நான் குடியிருக்கும் ராஜா அண்ணாமலைபுரத்தில், எங்கள் தெருவின் இரு பக்கமும் பெரிய மரங்கள் உண்டு. இந்தப் பக்கத்துத் தூங்குமூஞ்சி மரமும் எதிர்ப்பக்கத்துப் புங்க மரமும் நடுத்தெருவுக்கு மேலே கை கோத்துக்கொண்டு நிற்கும். காலையில் நடக்கப் போகும்போது தலையில் ஓர் இலை விழும். அது எந்த மரத்து இலை என்று கேட்டால் நீங்கள் உடனே சொல்லிவிடுவீர்கள். எந்தக் கிளையிலிருந்து விழுந்தது என்று கேட்டால்? கொஞ்சம் அண்ணாந்து பார்த்து யோசிப்பீர்கள், இல்லையா?

இப்போது இன்னொன்றைக் கற்பனை செய்து பாருங்கள். மரமே இல்லை. அது அழிந்து ஒரு கோடி ஆண்டுகள் ஆகிவிட்டன. உங்கள் கையில் இருப்பது பாதி கிழிந்த ஒரே ஓர் இலை. அதை வைத்துக்கொண்டு, அது எந்தக் கிளையில் இருந்தது என்று சொல்ல வேண்டும்!

இப்படிப்பட்ட வேலையை நம் இந்தியாவில் செய்தவர் ஒருவர் இருந்தார். அவர் கையில் இருந்தது இலை அல்ல, பல். அவர் பெயர் கய் பில்கிரிம். இமயமலை அடிவாரத்துப் பாறைகளைப் பற்றி யார் படித்தாலும் இன்றும் அவர் பெயரைத் தாண்டிப் போக முடியாது. அவருடைய கதையைத்தான் இன்று உங்களுக்குச் சொல்லப்போகிறேன்.

கிரிக்கெட் தீவில் பிறந்தவர்

பார்படாஸ் என்ற தீவைக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா? கிரிக்கெட் மேதை கேரி சோபர்ஸ் பிறந்த ஊர் அது. 2024-ஆம் ஆண்டு நம் இந்திய அணி இருபது ஓவர் உலகக் கோப்பையை வென்றதும் அந்தத் தீவில்தான். அங்கேதான் 1875-ஆம் ஆண்டு டிசம்பர் 24-ஆம் தேதி பில்கிரிம் பிறந்தார். ஆங்கிலத்தில் பில்கிரிம் என்றால் யாத்திரை போகிறவர் என்று பொருள். பெயருக்கு ஏற்றபடி வாழ்நாளெல்லாம் அவர் ஊர் ஊராகச் சுற்றினார்.

பார்படாஸில் பள்ளிப் படிப்பை முடித்து, லண்டனில் கல்லூரியில் படித்து, 1901-இல் பட்டம் பெற்றார். அடுத்த ஆண்டே, அதாவது 1902-இல், கல்கத்தாவைத் தலைமையிடமாகக் கொண்ட இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையில் வேலைக்குச் சேர்ந்தார். அந்தத் துறை 1851-இல் தொடங்கப்பட்டது. நிலக்கரி எங்கே கிடைக்கும், எந்த மலை எந்தப் பாறையால் ஆனது என்றெல்லாம் நாடு முழுவதும் நடந்து திரிந்து கண்டுபிடிப்பதே அதன் வேலை.

தொடக்கத்தில் பில்கிரிமை பாரசீக வளைகுடாப் பகுதிக்கு அனுப்பினார்கள். பஹ்ரைன் தீவின் பாறைகளை முதன்முதலில் முறையாக ஆராய்ந்தவர்களில் அவரும் ஒருவர். அந்த ஆய்வு 1908-இல் நூலாக வந்தது. பஹ்ரைனில் எண்ணெய் எடுக்கப்பட்டது 1932-இல். அதற்கு ஏறக்குறைய கால் நூற்றாண்டுக்கு முன்பே அந்த மண்ணைப் படித்துவிட்டார் அவர்.

ஆனால் அவருடைய மனத்தை முழுவதும் பிடித்துக்கொண்டது இமயமலைக்குக் கீழே கிடக்கும் சின்ன மலைத்தொடர் ஒன்று. அதுதான் சிவாலிக்.

மலையா, புத்தகமா?

இந்தியாவின் வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். இமயமலையின் காலடியில், மேற்கிலிருந்து கிழக்காக ஓடுகின்றன சிவாலிக் குன்றுகள். இமயமலை உயர உயர, அதிலிருந்து ஓடிவந்த ஆறுகள் மணலையும் களிமண்ணையும் கொண்டுவந்து அடிவாரத்தில் கொட்டின. ஓர் ஆண்டல்ல, இரண்டு ஆண்டல்ல, ஒரு கோடி ஆண்டுகளுக்கும் மேலாக! அப்படிச் சேர்ந்த அடுக்குகள் இறுகிப் பாறையாகி, பிறகு மேலே தள்ளப்பட்டுக் குன்றுகளாயின.

அந்தக் காலத்தில் ஆற்றங்கரைகளில் செத்துப்போன விலங்குகளின் எலும்புகளும் பற்களும் அந்த மண்ணில் புதைந்து, கல்லைப்போல ஆகிவிட்டன. இவற்றைத்தான் புதைபடிவங்கள் என்கிறோம். 1830-களிலேயே பால்கனர், காட்லி என்ற இருவர் இங்கே யானைகள், ராட்சத ஆமை, ஒட்டகச்சிவிங்கிக்கு உறவான விசித்திர விலங்கு, குரங்குகள் ஆகியவற்றின் எலும்புகளைச் சேகரித்தார்கள். ஆனால் எது முந்தியது, எது பிந்தியது என்பதில் பெரிய குழப்பம். பக்கங்கள் கலைந்துபோன புத்தகத்தைப் போல இருந்தது சிவாலிக்.

பில்கிரிம் அந்தப் பக்கங்களை வரிசைப்படுத்தினார். எந்த அடுக்கில் எந்தப் பன்றி, எந்தக் குதிரை, எந்த ஒட்டகச்சிவிங்கி என்று பார்த்துப் பார்த்து, அடிச் சிவாலிக், நடுச் சிவாலிக், மேல் சிவாலிக் என்று பிரித்தார். ஒவ்வொரு பகுதிக்குள்ளும் இருந்த அடுக்குகளுக்கு அந்தந்த ஊர்களின் பெயரையே வைத்தார். சிஞ்சி, நாக்ரி, டோக் பதான் என்பவை அவற்றுள் சில. அந்த மூன்று ஊர்களும் இப்போது பாகிஸ்தானில் இருக்கின்றன. நூறு ஆண்டுகள் ஆகியும் அறிஞர்கள் இன்றும் அந்தப் பெயர்களைப் பயன்படுத்துகிறார்கள்.

ஒரு பல்லும் ஒரு பெரிய கேள்வியும்

சிஞ்சி அடுக்குகளில் கிடைத்த பற்களைப் பார்த்து பில்கிரிம் வியந்துபோனார். அவை சாதாரணக் குரங்கின் பற்கள் அல்ல. உங்கள் நாக்கால் கீழ்த்தாடைக் கடைவாய்ப் பல்லைத் தடவிப் பாருங்கள். மேடு மேடாக இருக்கிறதா? வாலில்லாக் குரங்குகளுக்கும் மனிதருக்கும் கீழ்க் கடைவாய்ப் பற்களில் பொதுவாக ஐந்து மேடுகள் ஒரு தனி அமைப்பில் இருக்கும். வால் உள்ள குரங்குகளுக்கு நான்கு மேடுகள் இரண்டிரண்டாக வரிசையில் நிற்கும். ஆகவே பல்லைப் பார்த்தே, அது எந்தக் கூட்டத்தின் பல் என்று அறிஞர்களால் சொல்ல முடியும்.

பில்கிரிம் பார்த்தவை வாலில்லாக் குரங்கு ஒன்றின் பற்கள். 1910-இல் அந்தப் பிராணிக்கு சிவாபிதிகஸ் இண்டிகஸ் என்று பெயர் வைத்தார். சிவாலிக்கில் கிடைத்ததால் சிவா. பிதிகஸ் என்பது கிரேக்க மொழியில் குரங்கைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. இந்தியாவைச் சேர்ந்தது என்பதால் இண்டிகஸ்.

சரி, அது குடும்ப மரத்தில் எந்தக் கிளை?

இங்கே ஒன்றைத் தெளிவாகப் புரிந்துகொள்ளுங்கள். மனிதன் இன்றைய குரங்கிலிருந்து வந்தான் என்று பலர் சொல்வது தவறு. உங்களுக்கும் உங்கள் பெரியப்பா பிள்ளைகளுக்கும் தாத்தா ஒருவர்தானே? அதற்காகப் பெரியப்பா பிள்ளை உங்களுக்குத் தாத்தா ஆகிவிடுவாரா? அதுபோலத்தான் இதுவும். மனிதர், சிம்பன்சி, கொரில்லா, ஒராங் உட்டான் எல்லோருக்கும் மிகப் பழைய காலத்தில் பொதுவான மூதாதையர் இருந்தனர். அந்த அடிமரத்திலிருந்து முதலில் ஒராங் உட்டானின் கிளை பிரிந்தது. பிறகு கொரில்லாவின் கிளை. கடைசியாகச் சிம்பன்சியின் கிளையும் மனிதரின் கிளையும் பிரிந்தன.

பில்கிரிம் தன்னிடம் இருந்த தாடைத் துண்டுகளையும் பற்களையும் வைத்து யோசித்தார். 1915-இல் விரிவான கட்டுரை எழுதி, குடும்ப மரம் ஒன்றையும் வரைந்து, சிவாபிதிகஸை மனிதக் கிளையில் வைத்தார். மனிதகுலத்தின் வேர் இந்தியாவில் இருக்கிறது என்று சொல்வது போன்ற செய்தி அது. சின்ன விஷயமா?

உடைந்த வளையல்

எதிர்ப்பு உடனே வந்தது. அதே 1915-இல் நியூயார்க் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தைச் சேர்ந்த வில்லியம் கிரெகரி என்ற அறிஞர், சிவாபிதிகஸ் மனிதனின் மூதாதைதானா என்று கேள்வி எழுப்பி எழுதினார்.

அவருடைய சந்தேகம் என்ன தெரியுமா? வீட்டில் வளையல் உடைந்தால் இரண்டு துண்டுகளை எடுத்துத் தரையில் வைத்துப் பாருங்கள். துண்டுகளைக் கொஞ்சம் விரித்து வைத்தால் முழு வளையல் அகலமாக இருந்ததுபோலத் தெரியும். நெருக்கி வைத்தால் நீளமாக, முட்டை வடிவில் இருந்ததுபோலத் தெரியும். துண்டு ஒன்றுதான், படம் இரண்டு!

தாடையும் அப்படித்தான். மனிதரின் பல்வரிசை பின்னால் போகப் போக விரியும், வில்லைப்போல. வாலில்லாக் குரங்கின் பல்வரிசைகள் இரண்டும் ஏறக்குறைய தண்டவாளத்தைப்போல இணையாகப் போகும், லாடத்தின் வடிவில். பில்கிரிம் கையில் முழுத் தாடை இல்லை. இல்லாத பகுதிகளை அவர் ஊகித்து நிரப்பியபோது, தாடை மனிதனுடையதைப்போல வந்துவிட்டது. அதே துண்டுகளைக் கிரெகரி வேறு விதமாகச் சேர்த்துப் பார்த்தார். வாலில்லாக் குரங்கின் தாடை வந்தது.

இருவரும் படித்தவர்கள், இருவரும் நேர்மையானவர்கள். இடையில் இருந்தது இல்லாத ஒரு துண்டு எலும்பு மட்டுமே!

இதில் எனக்குப் பிடித்த செய்தி ஒன்று உண்டு. 1922-இல் பர்னம் பிரவுன் என்பவர் சிவாலிக்கில் மேலும் சில தாடைகளைக் கண்டெடுத்தார். டைரனோசரஸ் ரெக்ஸ் என்ற பெரிய டைனோசரைக் கண்டெடுத்தவர் அவர்தான். அந்தத் தாடைகளை ஆராய்ந்து 1924-இல் எழுதியவர்களில் கிரெகரியும் ஒருவர். அவற்றுள் ஒன்றுக்கு அவர்கள் வைத்த பெயர் என்ன தெரியுமா? பில்கிரிமின் பெயர்! கருத்தில் மோதினாலும் மனிதர்கள் மோதிக்கொள்ளத் தேவையில்லை. வகுப்பில் விவாதம் செய்யும்போது இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

நேர்மையான தவறும் நேர்மையற்ற தவறும்

அதே காலத்தில் இங்கிலாந்தில் இன்னொரு கூத்து நடந்தது. 1912-இல் பில்ட்டவுன் என்ற ஊரில் ஆதி மனிதனின் மண்டையோடும் தாடையும் கிடைத்துவிட்டன என்று அறிவித்தார்கள். ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் பலர் அதை நம்பினார்கள். 1953-இல் குட்டு வெளிப்பட்டது. யாரோ மனித மண்டையோட்டையும் ஒராங் உட்டானின் தாடையையும் சேர்த்து, பல்லை அரத்தால் தேய்த்து, சாயம் பூசிப் புதைத்து வைத்திருக்கிறார்கள்!

பில்ட்டவுன் எலும்புகளின் அச்சு வார்ப்புகளைத்தான் பெரும்பாலான அறிஞர்களால் பார்க்க முடிந்தது. அசல் எலும்புகளை எடுத்துச் சோதிப்பது எளிதாக இல்லை. பில்கிரிமோ எந்தப் பல் எந்த ஊரில், எந்த அடுக்கில் கிடைத்தது என்று எழுதினார். படம் போட்டார். தன் காரணங்களைச் சொன்னார். நான் தவறு என்றால் நீங்களே பார்த்துத் திருத்திக்கொள்ளுங்கள் என்று சொல்வதைப்போல எல்லாவற்றையும் திறந்து வைத்தார். அந்த வித்தியாசத்தை மறந்துவிடாதீர்கள், கதையின் முடிவில் அது மீண்டும் வரும்.

வேலை நிற்கவில்லை

விவாதம் எழுந்தது என்பதற்காக பில்கிரிம் சோர்ந்து உட்கார்ந்துவிடவில்லை. 1927-இல் சிவாபிதிகஸின் மேல்வாய் எலும்பைப் பற்றி எழுதினார். 1930-இல் ஓய்வு பெற்றார். ஓய்வு பெற்ற பிறகு நானெல்லாம் செய்தித்தாளும் காபியுமாக உட்கார்ந்திருக்கிறேன். அவரோ லண்டன் அருங்காட்சியகத்தில் எலும்புகளோடு உட்கார்ந்துவிட்டார்! இந்தியாவின் பழைய ஊனுண்ணிகளைப் பற்றி 1932-இல் ஒரு பெரிய நூல், மாடு, மான் போன்ற இனங்களைப் பற்றி 1939-இல் இன்னொரு பெரிய நூல் என்று எழுதிக்கொண்டே இருந்தார். 1943-இல் அறிவியலாளர்களுக்குக் கிடைக்கும் பெரிய சிறப்பான ராயல் சொசைட்டியின் உறுப்பினர் பதவி அவருக்குக் கிடைத்தது. அதே ஆண்டு செப்டம்பர் 15-ஆம் தேதி காலமானார். அப்போது அவருக்கு வயது 67. சிவாபிதிகஸ் எந்தக் கிளை என்ற கேள்விக்கு விடை தெரியாமலேயே அவர் போய்ச் சேர்ந்தார்.

ராமரும் சுக்ரீவனும் வந்தார்கள்

பில்கிரிம் போனாலும் பற்கள் இருந்தன. 1932-இல் எட்வர்டு லூயிஸ் என்ற அமெரிக்க மாணவர், இன்றைய இமாச்சலப் பிரதேசத்தில் உள்ள ஹரிதல்யங்கர் என்ற ஊர்ப் பகுதியில் ஒரு மேல்தாடைத் துண்டைக் கண்டெடுத்தார். 1934-இல் அதற்கு ராமாபிதிகஸ் என்று பெயர் வைத்தார். இன்னொரு புதைபடிவத்துக்கு சுக்ரீவாபிதிகஸ் என்று பெயர். ராமாயணமே வந்துவிட்டது, பாருங்கள்!

1960-களில் எல்வின் சைமன்ஸ், டேவிட் பில்பீம் என்ற இரு அறிஞர்கள், ராமாபிதிகஸ்தான் மனிதக் கிளையின் முதல் உறுப்பினர் என்று வாதாடினார்கள். பல்லின் எனாமல் தடிப்பாக இருப்பது, முகம் குட்டையாகத் தெரிவது ஆகியவை அவர்கள் சொன்ன காரணங்களில் சில. உலகம் முழுவதும் பாடநூல்களில் அது ஏறிவிட்டது. நானும் அப்படித்தான் படித்தேன்.

1967-இல் கலிபோர்னியாவில் சாரிச், வில்சன் என்ற இருவர் எலும்பைத் தொடாமலேயே ஒரு புதுக்கணக்குப் போட்டார்கள். மனிதர், சிம்பன்சி, கொரில்லா ஆகியோரின் ரத்தப் புரதங்களை ஒப்பிட்டு, இவர்கள் பிரிந்து ஏறக்குறைய 50 லட்சம் ஆண்டுகளே ஆகின்றன என்றார்கள். ராமாபிதிகஸோ ஒரு கோடி ஆண்டுகளுக்கும் முந்தியது. கிளையே பிரியாத காலத்தில் கிளையின் இலை எப்படி வரும்? எலும்புக்காரர்கள் ஒரு பக்கம், ரத்தக்காரர்கள் ஒரு பக்கம் என்று பலத்த வாக்குவாதம் நடந்தது.

கடைசியில் தீர்ப்புச் சொன்னது ஒரு முகம். 1980-ஐ ஒட்டி பாகிஸ்தானின் போட்வார் பகுதியில், சிவாபிதிகஸின் முக எலும்பு ஏறக்குறைய முழுதாகக் கிடைத்தது. அதைப் பற்றி 1982-இல் எழுதியவர் அதே பில்பீம்தான். கண்குழிகள் உயரமாக முட்டை வடிவில் இருந்தன. இரு கண்களுக்கும் நடுவே இடைவெளி குறுகலாக இருந்தது. முகம் உட்குழிந்து இருந்தது. இவையெல்லாம் யாருடைய அடையாளங்கள்? இந்தோனேசியக் காடுகளிலும் போர்னியோவிலும் வாழும் ஒராங் உட்டானின் அடையாளங்கள்! தாம் முன்பு சொன்னது சரியல்ல என்று பில்பீம் தயங்காமல் ஏற்றுக்கொண்டார்.

ராமாபிதிகஸ் தனி இனமே அல்ல, அதுவும் சிவாபிதிகஸ்தான் என்பதும் தெளிவானது. ஒரே பிராணிக்கு இரண்டு பெயர் இருந்தால் முதலில் வைத்த பெயரே நிற்கும் என்பது அறிவியலாளர்களின் விதி. ஆகவே 1910-இல் பில்கிரிம் வைத்த பெயர் நிலைத்தது!

இன்னொரு வேடிக்கை. 1915-ஆம் ஆண்டின் அதே கட்டுரையில், சுருக்கங்கள் நிறைந்த ஒரு பல்லை ஒராங் உட்டானின் பழைய உறவு என்று பில்கிரிம் தனியாகப் பிரித்து, வேறு பெயர் கொடுத்திருந்தார். பின்னாளில் அறிஞர்கள் அதையும் சிவாபிதிகஸோடு சேர்த்துவிட்டார்கள். சரியான விடை அவருடைய மேஜையிலேயே, பக்கத்துப் பெட்டியில் இருந்திருக்கிறது!

எழுபது ஆண்டு காத்திருந்த பற்கள்

விவாதம் முழுவதும் முடிந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். பிறகு கிடைத்த கை எலும்புகள் ஒராங் உட்டானின் கையைப்போல இல்லை. ஆனாலும் பெரும்பாலான அறிஞர்கள் சிவாபிதிகஸை ஒராங் உட்டானின் கிளைப்பக்கம்தான் வைக்கிறார்கள். தேடலும் நிற்கவில்லை. 2015-இல் ஜம்மு பகுதியில் உள்ள ராம்நகரில், சிவாலிக் மண்ணில் ஒரு சின்னக் கடைவாய்ப் பல் கிடைத்தது. அது கிப்பன் என்ற சிறு வாலில்லாக் குரங்கின் பழைய உறவு, சுமார் 1 கோடியே 30 லட்சம் ஆண்டுகள் பழமையானது என்று 2020-இல் அறிவித்தார்கள். அதற்குக் கபி என்று பெயர். சமஸ்கிருதத்தில் கபி என்றால் குரங்கு.

என் பிள்ளைகளே, முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக வகுப்பில் கணக்குத் தாள்களைத் திருத்தியவன் நான். சில பிள்ளைகள் விடை மட்டும் எழுதுவார்கள். விடை தவறினால் எங்கே தவறினார்கள் என்று எனக்கே தெரியாது. சில பிள்ளைகள் ஒவ்வொரு படியாக எழுதுவார்கள். கடைசி வரியில் தவறியிருந்தாலும் அவர்களுக்கு மதிப்பெண் போடுவேன். தவறு எந்தப் படியில் என்று காட்டி, அவர்களையே திருத்தவும் வைத்துவிடலாம்.

பில்கிரிம் படிப்படியாக எழுதிய மாணவர். கடைசி விடை தவறிப்போனது. அடுக்குகளின் வரிசை நின்றது, பெயர் நின்றது, அவர் விவரித்த பற்களும் நின்றன. அவர் மறைந்து ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் கழித்து வந்தவர்களால் அவரைத் திருத்த முடிந்ததற்குக் காரணம், அவர் எதையும் ஒளித்து வைக்கவில்லை என்பதுதான்.

நாளைக்குப் பள்ளிக்குப் போகும் வழியில் ஓர் இலை விழுந்தால் எடுத்துப் பாருங்கள். எந்தக் கிளை என்று ஊகியுங்கள். ஏன் அப்படி நினைக்கிறீர்கள் என்று நோட்டில் எழுதி வையுங்கள். தவறாக இருந்தால்? இருக்கட்டும், குழந்தைகளே! இலையை மட்டும் பத்திரமாக நோட்டுக்குள் வைத்துவிடுங்கள். நாளை வேறு யாராவது அதைப் பார்க்க வேண்டியிருக்கும்.